நின்னுடுச்சுன்னு சொன்னுச்சே மாப்ள!



மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தம்பி ஒருவர் போனில் கேட்டபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நான் படித்த காலத்தில் இதே மலருக்கு ஒரு கவிதை எழுதிக் கொடுத்தேன். 'இடமில்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். (இப்போது எடுத்துப் படித்தால் அவர்கள் செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது!) "கவிதை வேணாம்ண்ணா. நீங்க ஃபர்ம்வேர் வேலையிலதானே இருக்கீங்க, அதப் பத்தியே எழுதிக் குடுங்க" என்றார் தம்பி. சரி என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

மின்னணுவியல் துறை மாணவர்களுக்கு ஃபர்ம்வேர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றத் துறையினருக்காக இரண்டு வரி. வாஷிங் மெஷின், செட்டாப் பாக்ஸ், செல்போன், ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிறோமே அந்தக் கருவி... இவை எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. 'இது நடந்தால் இதைச் செய்' என்று அந்தச் சிப்புக்குள் எழுதி வைத்த புரோகிராம்தான் ஃபர்ம்வேர். அதில் தப்பு இருந்தால் திருத்தி மறுபடி ஏற்றுவதுதான் அப்டேட்.

உங்கள் செல்போனில் அடிக்கடி ஒரு வரி வரும். 'புதிய அப்டேட் வந்துள்ளது. நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது.' யாராவது அதைப் படிக்கிறோமா? சரி என்று அமுக்கிவிட்டுப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட என் தாய்மாமன்!

* * *

எங்கள் ஊர் அண்ணாகிராமம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. கடலூரில் பஸ் ஏறி நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் தென்பெண்ணை ஆறு, ரெண்டு பக்கமும் கரும்பு. ஆலை ஓடுகிற மாதங்களில் காற்று திரும்பினால் மொலாசஸ் வாசம் மூக்கைத் துளைக்கும்.

மாமாவுக்கு மூன்று ஏக்கர். அதில் ரெண்டு ஏக்கர் கரும்பு. போர்வெல்லில் கம்ப்ரஸர் வைத்துத் தண்ணீர் எடுப்பார். மோட்டார் ஒரு பக்கம், கம்ப்ரஸர் ஒரு பக்கம், நடுவில் பெல்ட். மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது போய் ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதுதான். பாம்பு, பூரான் எல்லாம் அவருக்கு வழித்துணை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கம்பங்களை நட்டுக் கரண்ட் வந்த பிறகும் நிம்மதி இல்லை. 2012 என்பது தமிழ்நாட்டில் மின்வெட்டு ஆண்டு! ஒரு மணி நேரம் இருக்கும், மறு மணி நேரம் போகும். நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேர்வுக்குப் படித்தவர்கள்.

அந்த வருடம் நான் இறுதியாண்டு. நாலு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்தோம். செல்போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மோட்டார் ஓட வேண்டும், இன்னொன்று அனுப்பினால் நிற்க வேண்டும். ஒரு சிம் கார்டு மோடம், ரெண்டு ரிலே, ஏடிமெகா 8 என்ற சிப். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது. அந்தச் சிப்பில் புரோகிராம் எழுத 8 கிலோபைட் இடம். கரண்ட் போனாலும் மறக்காத நினைவகம், அதாவது ஈஈபிராம், 512 பைட். அவ்வளவுதான்! இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு இதைப் போல நூறு மடங்கு இடம் போதாது.

வாய்மொழித் தேர்வு அன்று மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டினோம். எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். பல்பு எரிந்தது. வந்திருந்த தேர்வாளர் தலையாட்டினார். மதிப்பெண் விழுந்தது. நாங்கள் நாலு பேரும் கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டு விழாக் கொண்டாடினோம்.

ஊருக்குப் போய் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"பல்பை எரிய வச்ச சரி. எம் மோட்டாரை ஓட வை மாப்ள, பாக்கலாம்."

* * *

மே மாதம் கொட்டகைச் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டினேன். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி எஸ்.எம்.எஸ். அனுப்பினார். தூரத்தில் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. அத்தை வாசலுக்கே வந்துவிட்டார். ஊரில் நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குத் தரை தெரியவில்லை!

பத்தொன்பதாவது நாள் போன் வந்தது. அப்போது நான் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளர்.

"மாப்ள, ஒம் மிஷின் மூணு நாளா கோவிச்சுக்கிச்சு. எது அனுப்பினாலும் பதிலே இல்ல."

லீவு போட்டுப் போய்ப் பார்த்தால் என்ன தெரியுமா? சிம் கார்டில் இருபது முப்பது செய்திகளுக்குத்தான் இடம். பாட்டு வைத்துக்கொள்ளுங்கள், பரிசு வெல்லுங்கள் என்று விளம்பர எஸ்.எம்.எஸ். வந்து வந்து அந்த இடம் முழுக்க நிரம்பிவிட்டது. மாமா அனுப்பிய செய்தி உள்ளே வர வழியில்லை. சினிமாப் பாட்டு விளம்பரத்தால் ஒரு ஏக்கர் கரும்பு மூணு நாள் காய்ந்தது! படித்தவுடன் எந்தச் செய்தியையும் அழித்துவிடும்படி புரோகிராமை மாற்றினேன். பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் '1.1' என்று எழுதினேன்.

அடுத்து இன்னொரு வியாதி. ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் 'டக்' என்று விழும்போது வரும் மின் அதிர்வில் சிப் சில சமயம் உறைந்து நின்றுவிடும். லேபில் பல்பு எரிந்தபோது இந்த அதிர்வே கிடையாது. அதற்கு மருந்து சிப்புக்குள்ளேயே இருந்தது. வாட்ச்டாக் என்று பெயர், காவல் நாய். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று புரோகிராம் அதற்கு அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய 2 விநாடிக்குச் சத்தம் இல்லை என்றால் நாய் சிப்பை உலுக்கி முதலிலிருந்து கிளப்பிவிடும். மூன்று வருடப் பாடப்புத்தகத்தில் இது ஒரு பாரா. இரண்டு மதிப்பெண் கேள்வி. நான் படிக்காமல் விட்ட பாரா! அதைப் போட்டு '1.2' என்று எழுதினேன்.

இத்தனைக்குப் பிறகு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும் வசதி, நேரம் குறிக்கும் வசதி, ரகசிய எண், தினமும் ராத்திரி ஒரு கணக்கு எஸ்.எம்.எஸ்... எல்லாம் சேர்த்து '2.0' என்று ஒரு பெரிய பதிப்பு தயார் செய்தேன். மாமா இதில் ஒன்றையும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கரண்ட்டு போய் வந்தா தானா ஓடணும். நான் நிறுத்திட்டா நிக்கணும். அவ்ளோதான் மாப்ள."

அதாவது, கடைசியாக மாமா 'ஓடு' என்றாரா 'நில்' என்றாரா என்பதை, கரண்ட் போன பிறகும் பெட்டி மறக்கக் கூடாது. அதை ஈஈபிராமில் எழுதி வைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் அதைப் படித்துப் பார்த்து, 'ஓடு' என்றிருந்தால் மின்னழுத்தம் சீராகட்டும் என்று ரெண்டு நிமிஷம் பொறுத்து மோட்டாரைக் கிளப்ப வேண்டும். மற்ற வசதிகளுக்குப் பத்து நாள் உழைத்தவன் இந்த ஒன்றைப் பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன்.

* * *

2012 ஐப்பசி. மாலை நேரம். ஊரிலிருந்து அத்தை பேசினார். குரலே சரியில்லை.

"மாமாவுக்கு ஒண்ணுமில்லப்பா. நீ பயப்படாத. ஆனா ஒரு நட வந்துட்டுப் போ."

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது கை மோதிர விரலில் கட்டு. நகம் பிய்ந்து போயிருந்தது. நடந்ததை அவரே சொன்னார்.

முதல் நாள் பாத்தி எல்லாம் நிரம்பிவிட்டது. ஐந்து மணிக்குக் கரண்ட் போகும் என்பது தெரிந்த விஷயம். ஓடவிட்டு விட்டால் திரும்பக் கரண்ட் வரும்போது தானாகக் கிளம்பி வரப்பை உடைத்துவிடும். ஆகவே போவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் 'நில்' என்று செய்தி அனுப்பினார். 'மோட்டார் நின்றது' என்று பெட்டியிடமிருந்து பதிலும் வந்தது. கரண்ட்டும் போனது. பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று நாலு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தவர், இதுதான் சமயம் என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வேலை முடியவில்லை. ஆறு மணிக்குக் கொட்டகை பல்பு எரிந்தது. 'கரண்ட் வந்துட்டுது. வெளிச்சமா இருக்கு, நல்லதாப் போச்சு' என்று நினைத்துக்கொண்டு பெல்ட்டைக் கப்பியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மோட்டார்தான் நின்றுவிட்டதே!

ரெண்டு நிமிஷம் கழித்து மோட்டார் கிளம்பியது.

தோளில் கிடந்த துண்டைப் பெல்ட் இழுத்தது. அவர் கையை உதறிப் பின்னால் விழுந்தார். துண்டு கப்பியில் சுற்றி நார் நாராகப் போனது. கை போகவில்லை. நகம் மட்டும் போனது.

நான் வாயடைத்து நின்றேன். 'என்னடா மிஷின் செஞ்ச!' என்று ரெண்டு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாமா அறையவில்லை, திட்டவில்லை. செல்போனை எடுத்து அந்தப் பழைய எஸ்.எம்.எஸ்.ஸைத் தேடி என்னிடம் காட்டினார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்:

"நின்னுடுச்சுன்னு சொன்னுச்சே மாப்ள?"

* * *

பெட்டியைக் கழற்றிச் சென்னைக்கு எடுத்து வந்தேன். அறையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி, 'நில்' என்று செய்தி அனுப்புவது, பதில் வந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வெவ்வேறு விநாடியில் ஸ்விட்சை அணைப்பது, மறுபடி போடுவது... இப்படி ரெண்டு ராத்திரி செய்தேன். நூறு தடவையில் பதினொரு தடவை, நின்ற மோட்டார் தானாகக் கிளம்பியது.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. 'நில்' என்று செய்தி வந்ததும் என் புரோகிராம் செய்த வேலைகளின் வரிசை இதுதான். முதலில் ரிலேயை விடுவிக்கும். அடுத்து 'மோட்டார் நின்றது' என்று மாமாவுக்குப் பதில் அனுப்பும். மோடம் திணறக் கூடாது என்று பத்து விநாடி காத்திருக்கும். கடைசியாகத்தான் 'நில்' என்று ஈஈபிராமில் எழுதும். பதில் போன பிறகு, எழுதுவதற்கு முன்னால், அந்தப் பத்து விநாடிக்குள் கரண்ட் போனால்? வெளியே மாமாவிடம் 'நின்றுவிட்டேன்' என்று சொல்லியாயிற்று. உள்ளே 'ஓடு' என்ற பழைய கட்டளையே கிடக்கிறது. பெட்டி பொய் சொல்லிவிட்டது!

ஏன் எழுதுவதைக் கடைசியில் வைத்தேன்? ஈஈபிராமில் ஓர் இடத்தில் ஒரு லட்சம் தடவைதான் எழுதலாம் என்று படித்திருந்தேன். தேய்ந்துவிடுமே என்ற பயம். அதனால் எல்லா வேலையும் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை எழுதலாம் என்று நினைத்தேன். அப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் போதும். ஒரு நாளைக்கு 20 தடவை எழுதினால்கூட ஒரு லட்சம் தீர 5000 நாள். பதின்மூன்று வருஷத்துக்கு மேல்! சிப்பின் ஆயுளை நினைத்துக் கவலைப்பட்டவன் மாமாவின் விரலை நினைக்கவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. பத்து விநாடி இடைவெளியில் கரண்ட் போவது அபூர்வம் என்றுதான் லேபில் உட்கார்ந்து எவரும் நினைப்போம். ஆனால் மாமா கரண்ட் போகப் போகிறது என்று தெரிந்துதானே மோட்டாரை நிறுத்துகிறார்! ஆகவே அவர் 'நில்' என்று சொல்வதும் கரண்ட் போவதும் எப்போதும் அக்கம் பக்கம்தான். லேபில் அபூர்வம், வயலில் வாடிக்கை.

* * *

'2.1' பதிப்பில் ஒரு புது வசதியும் கிடையாது. பழைய வசதிகளில் பாதியைத் தூக்கிவிட்டேன். செய்த மாற்றங்களைச் சொல்கிறேன், உங்கள் புராஜெக்டுக்கும் உதவும்.

முதலில் வரிசையை மாற்றினேன். 'நில்' என்று வந்தால் உடனே மோட்டாரை நிறுத்து. அடுத்த கணமே நினைவில் எழுது. எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்து பதில் சொல்.

அடுத்து, கரண்ட் போகும்போது மின்னழுத்தம் ஒரேயடியாகப் போவதில்லை, சரிந்து சரிந்து போகிறது. அந்தக் குறை அழுத்தத்தில் சிப் குடித்தவன் மாதிரி உளறும். ஈஈபிராமில் கண்டதையும் எழுதிவிடும். அழுத்தம் 4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப்பை அப்படியே பிடித்து நிறுத்தும் வசதி, பிரவுன்-அவுட் டிடெக்டர், அந்தச் சிப்பிலேயே உண்டு. ஒரு அமைப்பை மாற்றினால் போதும். நான் மாற்றாமல் விட்டிருந்தேன்.

மூன்றாவது, கட்டளையை ரெண்டு இடத்தில் எழுதினேன். ரெண்டும் ஒத்துப் போகாவிட்டால்? முன்பெல்லாம் நானே ஒன்றை ஊகித்துக்கொள்வேன். இப்போது ஒரே விதி: சந்தேகம் வந்தால் நில்.

நாலாவது வேலை புரோகிராமிலேயே இல்லை. ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் வைத்தேன். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். திருகி விட்டால்தான் விடும். அது அமுங்கியிருக்கும்போது என் சிப் தலைகீழாக நின்றாலும் மோட்டார் ஓடாது. பெல்ட்டில் கை வைக்கிறவர் மெயினை நிறுத்தி பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸை நம்பி வைக்கக் கூடாது. இதை முதல் நாளே நான் மாமாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனையும் செய்து எடுத்துப் போனேன். அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. கொட்டகையிலேயே லேப்டாப்பை மாட்டிப் புது புரோகிராமை ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது! லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, என் பெட்டிக்கு இல்லை. பழையது அழிந்துவிட்டது, புதியது ஏறவில்லை. சிப் வெறும் கல். அன்றிலிருந்து ரெண்டு சிப் வைத்துக்கொள்வேன். புதியதை அறையிலேயே எழுதிச் சோதித்து, சாக்கெட்டில் மாற்றி மாட்டுவேன். பழைய சிப்பை ஒரு மாசம் பத்திரமாக வைத்திருப்பேன். புதியது தகராறு செய்தால் பழையதை மாட்டிவிடலாம். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பல செல்போன்களில் இதே ஏற்பாடு உண்டு. உள்ளே ரெண்டு இடம். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு மற்றதில் ஏறும். புதியது எழுந்திருக்கவில்லை என்றால் பழையதே திரும்ப எழும். அதைப் படித்தபோது, 'அட, நம்ம கொட்டகை டெக்னிக்!' என்று சிரித்துக்கொண்டேன்.

* * *

இது ஏதோ அரைகுறையாகப் படித்த ஒரு பையனின் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய இடங்களிலும் இதே கதைதான்.

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. இறங்கிய சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் சாதாரண வேலை ஒன்று ஒரு பொதுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள, அந்தச் சாவிக்காக அவசர வேலை ஒன்று காத்து நிற்க, நடுவில் வேறு வேலைகள் புகுந்து சாவி வைத்திருந்தவனை வேலை செய்ய விடாமல் தடுத்துவிட்டன. அவசர வேலை நடக்கவில்லை என்று கண்டதும் காவல் நாய் கம்ப்யூட்டரை உலுக்கி எழுப்பிவிட்டது. மாமாவின் கொட்டகையில் இருந்த அதே வாட்ச்டாக்! பூமியில் இருந்த மாதிரிக் கருவியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, ஒரு சிறு அமைப்பை மாற்றி, செவ்வாய்க்கு அனுப்பிச் சரிசெய்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 இன் விக்ரம் நிலவில் மோதியது நினைவிருக்கும். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை கொடுத்தன. பிழை சேர்ந்துகொண்டே போனது. கலம் வேகமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில் மென்பொருள் வைத்திருந்த வரம்பு அதை விடவில்லை. இறங்குவதற்குக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். இதை இஸ்ரோவே வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த முறை, 'எது எது தவறலாம், தவறினாலும் எப்படி இறங்குவது' என்று கேட்டுக் கேட்டு வடிவமைத்தார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். மென்பொருளைத் திருத்தித் திருத்திச் சோதித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 இறங்கியது. அந்தத் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர். அங்கேயே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர். நம்மைப் போல! 'டிப்ளமோதானே' என்று உங்களை யாராவது இளக்காரமாகப் பார்த்தால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 இன் கதை இன்னும் அதிசயம். 2023 நவம்பரில் அது புரியாத தகவலாக அனுப்ப ஆரம்பித்தது. நினைவகச் சிப் ஒன்று செத்துவிட்டது. புதுச் சிப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏற முடியுமா? தூரம் 2400 கோடி கிலோமீட்டர்! செத்த சிப்பில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாக்கி, நல்ல நினைவகத்தில் கிடைத்த இடுக்குகளில் எல்லாம் குடியேற்றினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பிய திருத்தம் போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஏப்ரல் 20 அன்று வாயேஜர் தெளிவாகப் பேசியது.

அவசர அப்டேட்டின் கதையும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று க்ரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன தவறான ஓர் அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதே, முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார் என்ற பாடத்தை அன்று உலகமே ஒருசேரப் படித்தது.

* * *

இன்று நான் ஒரு நிறுவனத்தில் ஃபர்ம்வேர் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு பதிப்பும் வெளியே போவதற்கு முன் 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது' என்ற வரியை நாங்களும் எழுதுகிறோம். எழுதும்போதெல்லாம் நார் நாராகப் போன ஒரு துண்டு கண் முன்னால் வரும். எழுதிய கையை ஒரு நிமிஷம் நிறுத்தி, இந்தக் கருவி 'செய்துவிட்டேன்' என்று சொல்வதற்கு முன்னால் நிஜமாகவே செய்து முடித்ததா என்று இன்னொரு முறை ஸ்விட்சை அணைத்துப் பார்ப்பேன்.

உங்களில் பலர் இந்த வருடம் புராஜெக்ட் செய்வீர்கள். பல்பு எரிந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பாதியில் கரண்ட்டைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு தடவை அல்ல, நூறு தடவை. அந்தக் கருவி யார் கைக்குப் போகிறதோ அவரோடு ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்கள். அவர் அதை எப்போது அமுக்குகிறார், எப்போது நம்பிக் கை வைக்கிறார் என்பதைப் புத்தகம் சொல்லாது.

கடைசியாக ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை கரை புரண்டது. மாமாவின் மோட்டார் கொட்டகைக்குள் இடுப்பளவு தண்ணீர். நாலு நாள் கழித்து ஊருக்குப் போனேன். மோட்டார் சேற்றில் கிடந்தது. காயில் கட்ட வேண்டும். சுவரில் பெட்டியைக் காணோம். ஆற்றோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், பரண் மேல் கோணிப்பையில் சுற்றி வைத்திருக்கிறார்! இத்தனை வருஷத்தில் ரிலே மாற்றி, மோடம் மாற்றி, ஆறு பதிப்பு எண்களை அடித்து அடித்து எழுதிய அதே பெட்டி.

"கடையில இப்ப நல்லதாவே கிடைக்குது மாமா. புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?" என்றேன்.

"இது பொய் சொல்லி நாளாச்சு மாப்ள. இதே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்துத் திண்ணையில் வைத்தார். கொட்டகை மெயினின் மூணு பியூஸ் கேரியர்கள். தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஆனா, நம்புறேன்னுட்டு இத மட்டும் புடுங்காம வுட மாட்டேன்" என்றார்.

எனக்கு அதைவிட நல்ல சான்றிதழை எந்தக் கல்லூரியும் தந்ததில்லை. தம்பி தங்கைகள் எல்லோரும் நன்றாகப் படித்து, நல்ல கருவிகளைச் செய்து, செய்த இடத்துக்குத் திரும்பப் போய் நிற்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.



— முன்னாள் மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை